கைப்பேசி காட்டும் வழி: எதுவரை நம்பலாம்?



சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், ஸுபுஹு தொழுது திரும்பிய வேளையில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தது. என்னைக் கல்லூரியில் சேர்த்து, நான்கு ஆண்டுகள் கட்டணமும் செலுத்திய என் பெரியத்தா வஃபாத்தாகிவிட்டார்கள். லுஹருக்குப் பின் நல்லடக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து புறப்பட்டால் தாராளமாகச் சென்று சேரலாம் என்று எண்ணிப் பத்து மணிக்குக் கிளம்பினோம். மைத்துனர் கார் ஓட்டினார். ஊரின் பெயரைக் கைப்பேசியில் தட்டியவுடன் நீலக்கோடு விழுந்தது. அந்தக் கோட்டை நம்பினோம்.

கோடு எங்களைச் சூளகிரிக்கு அப்பால் கொண்டு சென்று, ஒரு தொழிற்சாலையின் பின்பக்கச் சுற்றுச்சுவர் முன் நிறுத்தி, "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. "மச்சான், இங்கே சுவர்தான் இருக்கு" என்றார் மைத்துனர். அதே பெயரில் இம்மாவட்டத்தில் இரண்டு ஊர்கள் இருப்பதையும், நாங்கள் தேடியது மற்றதை என்பதையும் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு மூதாட்டிதான் விளக்கினார். திரும்பி, விசாரித்து, சென்று சேர்ந்தபோது மண் தள்ளி முடிந்திருந்தது. ஜனாஸாத் தொழுகை எனக்குக் கிட்டவில்லை.

எந்தச் செயலி என்று சொல்லப் போவதில்லை. உண்மையில் அதை மட்டும் குறைகூற எனக்கு வாயில்லை. பெரியத்தா மகன் வீட்டோடு அவ்வூருக்குக் குடிபெயர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் ஒருமுறைகூட நான் போய்ப் பார்த்ததில்லை. போயிருந்தால் வழி தெரிந்திருக்கும். ஆனால் அன்று முதல் இந்த வழிகாட்டிச் செயலிகள் எப்படி இயங்குகின்றன, எவற்றை எதற்கு நம்பலாம் என்று தேடித் தேடிப் படித்தேன். கலைப்பாடம் கற்ற எனக்கு விளங்கிய அளவில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக் கொண்டிருப்பதாகவும், அதுவே வழி சொல்வதாகவும் நம் வீடுகளில் பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, தத்தம் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாது அறிவித்துக் கொண்டே இருக்கின்றன. நம் கைப்பேசி அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பு கிடைத்தால், ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுக் கொள்கிறது. நேரக் கணக்கில் ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், இடத்தில் 300 மீட்டர் பிசகும். ஆகவேதான் அவற்றில் அணுக்கடிகாரங்களை வைத்திருக்கிறார்கள்.

பொதுமக்களுக்குக் கிடைக்கும் அறிவிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. இன்று திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணக் கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடும். நம் நாட்டு இஸ்ரோவும் 2013 ஜூலையில் முதல் கோளை ஏவி, இன்று நாவிக் என அழைக்கப்படும் சொந்த அமைப்பை உருவாக்கத் தொடங்கியது.

ஆக, 'நான் எங்கே இருக்கிறேன்' என்பதில் கைப்பேசி பெரும்பாலும் தவறுவதில்லை. அதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை. 'நான் போக வேண்டிய இடம் எங்கே, அதற்குச் சாலை எது' என்பதில்தான் அது தவறுகிறது. அது செயற்கைக்கோளின் வேலையன்று. மனிதர்கள் திரட்டித் தொகுத்த வரைபடத்தின் வேலை.

வரைபடம் திரட்டுவது எத்தகைய பாடு என்பதற்கு நம் மண்ணே சாட்சி. 1792-இல் பாராமகால் எனப்பட்ட இந்தக் கிருஷ்ணகிரிச் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் கைக்குப் போனது. பின்னர் கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்தார்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து மாபெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். அவர் பயன்படுத்திய கோணமானி சுமார் அரை டன் எடை. பலர் சேர்ந்து தூக்க வேண்டும். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே அல்-குவாரிஸ்மி 2,000-க்கும் மேற்பட்ட இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பட்டியலிட்டார். சிசிலியின் மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல்-இத்ரீஸி 1154-இல் முடித்துக் கொடுத்த உலகப் படத்தில் தெற்கு மேற்பக்கம் இருக்கும். குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் கணக்குமுறையை இன்று 'அல்காரிதம்' என்கிறோமே, அந்தச் சொல்லே அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்ததுதான். வரலாறு படித்தவன் என்பதால் சற்று விலகிவிட்டேன், பொறுத்தருள்க.

இனிச் செயலிகளுக்கு வருவோம். 2005-இல் தொடங்கிய கூகுள் மேப்ஸ்தான் நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது. அதன் பெரும் பலம் நெரிசலைச் சொல்வது. சாலையில் செல்லும் எண்ணற்ற கைப்பேசிகள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதைத் தொகுத்தே அது சாலையைச் சிவப்பாகவும் பச்சையாகவும் காட்டுகிறது. 2020-இல் பெர்லின் நகரக் கலைஞர் சைமன் வெக்கர்ட் 99 கைப்பேசிகளை ஒரு சிறு கைவண்டியில் போட்டு மெதுவாக இழுத்துச் சென்றார். வெறிச்சோடிய தெரு வரைபடத்தில் சிவந்து போயிற்று! ஆயினும் அத்திப்பள்ளி எல்லையிலும் ஜூஜூவாடியிலும் மாலை வேளையில் வண்டிகள் தேங்கி நிற்பதை முன்கூட்டி அறிய இதைவிட நல்ல துணை இப்போது இல்லை. ஆள் நடமாட்டம் மிகுந்த சாலையில் இக்கணக்கு பலிக்கும். நாளுக்கு நான்கு வண்டிகள் போகும் கிராமப் பாதையில் பலிக்காது.

அடுத்தது மேப்மைஇந்தியா நிறுவனத்தின் மேப்பிள்ஸ். கூகுள் மேப்ஸ் பிறப்பதற்கு முன்பே இந்நாட்டுச் சாலைகளை அளக்கத் தொடங்கிய இந்திய நிறுவனம். சந்திப்புகளையும் மேம்பாலங்களையும் படமாக வரைந்து, எந்தப் பிரிவில் திரும்ப வேண்டும் என்று காட்டுவது இதன் சிறப்பு. இது ஏன் முக்கியம் தெரியுமா? கைப்பேசிக்கு உயரம் சரியாகப் பிடிபடாது. நாம் மேம்பாலத்தின் மேலே போகிறோமா, அடியிலுள்ள சர்வீஸ் ரோட்டில் போகிறோமா என்பதை அது ஊகிக்கத்தான் செய்கிறது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரையிலான நெடுஞ்சாலையில் ஒரு பிரிவைத் தவறவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் சென்று திரும்ப வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. கூகுளும் 2024 ஜூலையில் இந்திய நகரங்களில் மேம்பால அறிவிப்பைச் சேர்த்தது.

மூன்றாவது வகை, 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். இதை எந்த நிறுவனமும் விற்பதில்லை. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் கூடி வரைந்தது. ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் இதைக் கொண்டு இயங்குகின்றன. ஒருமுறை வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே வழி சொல்லும். ஆனால் நெரிசல் தெரியாது. யாராவது உழைத்து வரைந்த ஊரில் ஒற்றையடிப் பாதைவரை இருக்கும். யாரும் வரையாத ஊரில் வெற்றிடம்தான்.

நான்காவது, நம் மாவட்டத்தோடு தொடர்புடையது. போச்சம்பள்ளிப் பகுதியில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை நடத்தும் ஓலா குழுமம், 2024 ஜூலையில் கூகுள் வரைபடத்தைக் கைவிட்டுத் தன் சொந்த வரைபடத்துக்கு மாறியதாக அறிவித்தது. ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் செலவு மிச்சம் என்றார் அதன் தலைவர். தன் தரவுகளை நகலெடுத்ததாக மேப்மைஇந்தியா நோட்டீஸ் அனுப்பியது. ஓலா அதை மறுத்தது. 2024 ஆகஸ்டு முதல் கூகுள் இந்திய நிறுவனங்களுக்கான கட்டணத்தை 70 விழுக்காடு வரை குறைத்தது. நமக்கு இலவசமாய்க் கிடைக்கும் இந்தப் பொருளுக்குப் பின்னால் எத்தனை கோடிகள் புரள்கின்றன என்பதை அப்போதுதான் நான் உணர்ந்தேன்.

சரி, எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு எது பொருந்தும்? எங்கள் மஹல்லாவில் சிப்காட்டுக்கு உதிரிப் பாகங்கள் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "ஹஜ்ரத், மேப்பு காருக்குத்தான் வழி சொல்லும், என்னோட பன்னிரண்டு சக்கரத்துக்குச் சொல்லாது" என்றார். பாலத்தின் உயரம், பெங்களூருக்குள் கனரக வாகனங்களை விடாத நேரம், கர்நாடகப் பர்மிட், தொப்பூர் கணவாயில் எந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பவையெல்லாம் அவர் தலைக்குள் இருக்கின்றன. நீலக்கோட்டில் இல்லை. அவர் கைப்பேசியைப் பார்ப்பது நெரிசலுக்காக மட்டுமே.

இன்னொன்று யானை. ராகி முற்றும் பருவத்தில் பன்னர்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, சானமாவுக் காடுகளுக்கு வருவது ஆண்டுதோறும் நடப்பது. நள்ளிரவில் பெண்மக்களுடன் வரும் குடும்பத்துக்கும் 'பத்து நிமிடம் மிச்சம்' என்று செயலி காட்டுப் பாதையைக் காட்டலாம். நிமிடங்களை எண்ணத் தெரிந்த அதற்கு யானையை எண்ணத் தெரியாது. அந்தப் பத்து நிமிடத்தைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

பிசகு சில வேளை உயிரையும் கேட்கிறது. 2023 அக்டோபர் 1 அன்று கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் மழையிரவில் கார் ஆற்றில் பாய்ந்து இரு இளம் மருத்துவர்கள் இறந்தனர். செயலி காட்டிய வழியில் சென்றதாகச் செய்திகள் கூறின. 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, முடிவுறாத பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். அங்கும் வழிகாட்டிச் செயலியைப் பின்பற்றியதாகவே சொல்லப்பட்டது. பாலத்தின் குறுக்கே தடுப்பு வைக்காத மனிதர்களின் பங்கு அதில் சிறிதன்று. 2024 ஜனவரியில் நம் கூடலூரில் ஒரு கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது, நல்லவேளை, உயிர்ச்சேதமில்லை.

எங்கள் வீட்டில் இப்போது கடைப்பிடிக்கும் வழக்கம் இதுதான். நெடுஞ்சாலைக்கும் நகருக்கும் கூகுள், நெரிசல் தெரிகிறது. புறப்படும் முன் வீட்டு இணைப்பிலேயே மாவட்டத்தின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்கிறோம். கெலமங்கலத்துக்கு அப்பால் சிக்னல் போனாலும் கவலையில்லை. ஊரின் பெயரைத் தட்டுவதை விட்டுவிட்டோம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்த இப்பகுதியில் ஒரே ஊரை நான்கு விதமாக எழுதுகிறார்கள். நான்கு ஊர்களுக்கு ஒரே பெயரும் இருக்கிறது. ஆகவே அழைத்தவரையே வாட்ஸ்அப்பில் 'லொக்கேஷன்' அனுப்பச் சொல்கிறோம். அஞ்சல் துறை 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய டிஜிபின் இதற்கு இன்னொரு வழி. நாட்டையே சுமார் 4 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக் குறியீடு தருகிறது. கதவிலக்கமே இல்லாத புதுக் குடியிருப்புகளுக்கு இது பேருதவி. கடைசி இரண்டு கிலோமீட்டருக்குக் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு, டீக்கடையில் வண்டியை நிறுத்தி விசாரிக்கிறோம்.

தாய்மார்களுக்கு ஒரு குறிப்பு. ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரவுப் பணி முடிந்து கம்பெனிப் பேருந்தில் திரும்பும் மகள், தான் வரும் வழியை நேரலையாக உங்கள் கைப்பேசிக்குக் காட்டும் வசதி கூகுள் மேப்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் உண்டு. அவளே இசைந்து பகிர்ந்தால் வாசலில் நிற்கும் கவலை பாதி குறையும். அவளறியாமல் உளவு பார்க்க அதைப் பயன்படுத்துவது வேறு. அது எனக்கு உவப்பில்லை.

கிப்லாச் செயலிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஓசூரிலிருந்து கிப்லா நேர் மேற்கன்று. அதிலிருந்து ஏறத்தாழ 19 பாகை வடக்கே சாய்ந்தது. இந்தக் கணக்கில் செயலி பிசகுவதில்லை. ஆனால் கைப்பேசிக்குள் இருக்கும் காந்தமுள், இரும்பு இயந்திரங்களுக்கு அருகிலோ பேருந்துக்குள்ளோ தடுமாறும். தொழிற்கூடத்தில் தொழுபவர்கள் வெளியே வந்து ஒருமுறை பார்த்துக்கொண்டு, சுவரில் அடையாளமிட்டு வைப்பது நன்று.

இரு மாதங்களுக்கு முன் பெரியத்தாவின் கப்ரை ஸியாரத் செய்ய மீண்டும் அவ்வூருக்குச் சென்றேன். இம்முறை வழி நினைவிருந்தது. பெரியத்தா மகனிடம் அன்று நடந்ததைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துத் தம் கைப்பேசியை எடுத்து, பள்ளிவாசலையும் கப்ருஸ்தானையும் வரைபடத்தில் சேர்க்க எங்களை வழி தவறவிட்ட அதே செயலிக்கு விண்ணப்பம் அனுப்பினார். ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்பதில் அவருக்கும் அவர் மகனுக்கும் சிறு வாக்குவாதம். பத்து நாட்கள் கழித்து, ஏற்றுக்கொண்டார்கள் என்று எனக்குச் செய்தி அனுப்பினார். திறந்து பார்த்தேன். ஏரிக்கரைக்கு மேற்கே, புளியமரச் சாலையின் முடிவில், சரியான இடத்தில் ஒரு சிறு புள்ளி இருந்தது.