தந்தையின் வயதுக்கும் கணக்கு உண்டு

1912-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் ஒன்றைக் கவனித்தார். கைகால் எலும்புகள் நீளாமல் உயரம் குன்றும் ‘அகோன்ட்ரோபிளேசியா’ உள்ள பிள்ளைகளில் பலர் குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகள். மரபணு எதனால் ஆனது என்றே தெரியாத காலம் அது. கடைக்குட்டியாகப் பிறந்ததா காரணம், தாயின் வயதா, தந்தையின் வயதா? தந்தையின் வயதுதான் என்று 1955-இல் பிரித்துக் காட்டினார் மரபியலாளர் லயனல் பென்ரோஸ்.

பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. ஆணுக்கோ, பருவமடைந்தது முதல் விந்தணுக்களின் மூலச்செல்கள் ஏறக்குறைய 16 நாளுக்கு ஒருமுறை பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் சுமார் 600 கோடி டிஎன்ஏ எழுத்துகளைப் படியெடுத்தாக வேண்டும். ஏடு பெயர்த்து எழுதுகிறவர் கையில் நுழைவதுபோல இங்கும் பிழை நுழைகிறது.

2012-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 78 பெற்றோர்–பிள்ளைக் குடும்பங்களின் டிஎன்ஏவை முழுதாகப் படித்துப் பார்த்தார்கள். 20 வயதுத் தந்தை பிள்ளைக்குத் தரும் புதுப் பிழைகள் சுமார் 25. 40 வயதுத் தந்தை தருவது சுமார் 65. தாய் தருவது 15 அளவில்தான். தாயின் வயதும் சிறிது கூட்டுகிறது என்பது 2017-இல் பெரிய ஆய்வில் தெரிந்தது. ஆனால் அது தந்தையின் பங்கில் கால்வாசி. இந்தப் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்வதில்லை.

அகோன்ட்ரோபிளேசியாவின் கதைதான் என்னை வியக்கவைக்கிறது. எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். எலும்பு வளர்ச்சியைத் தடுக்கும் அதே மாற்றம், விந்தகத்துக்குள் அந்த மூலச்செல்லுக்குச் சாதகமாகிவிடுகிறது. பக்கத்துச் செல்களை முந்திக்கொண்டு அது பெருகுகிறது. ஆண்டுகள் ஏற ஏற அதன் வாரிசுகளும் கூடுகின்றன. பிள்ளைக்குக் கேடான மாற்றம் தந்தையின் உடலில் வெற்றி பெறுகிறது!

தாயின் வயது காட்டும் விளைவு வேறு வகை. பல்லாண்டு காத்திருந்த முட்டையில் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போகலாம். டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு கூடுவது அதனால்தான்.

பிள்ளைக்கு ஒரு குறை என்றால் தாயின் வயதை மட்டும் கேட்டு அவளைக் குற்றவாளியாக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு. அந்தக் குற்றச்சாட்டுக்கு அறிவியலில் இடமில்லை. மருத்துவரிடம் மரபணு ஆலோசனைக்குப் போகும்போது இருவர் வயதையும் சொல்லுங்கள்.