பரணில் கிடந்த காவல்காரன்

ஒரே இரவில் 212 படங்கள். காலையில் காபியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். திருடன் இல்லை, பூனை இல்லை, பால்காரர்கூட இல்லை. 212-லும் ஒரே பல்லி. தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று சொல்லப் பஞ்சாங்கம் இருக்கிறது. லென்ஸ் மேல் ஓடினால் என்ன பலன் என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

வாசலுக்கு ஒரு கேமரா வேண்டும். மாதச் சந்தா கட்டவும் மனமில்லை; வீட்டு வாசலின் படம் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போவதிலும் விருப்பமில்லை. பரணில் 2 ஜிபி ராம் கொண்ட பழைய லேப்டாப் ஒன்று கிடந்தது. தமிழகத்தில் இப்படிப்பட்ட லேப்டாப்புகளுக்குப் பஞ்சமில்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவையே லட்சக்கணக்கில் உண்டு. அதோடு ஒரு யூஎஸ்பி வெப்கேம், லினக்ஸ், ‘மோஷன்’ என்ற இலவச மென்பொருள். காவல்காரன் தயார் என்று நினைத்தேன். அவனுக்கு வேலை பழக்க ஒரு மாதம் ஆனது.

எடை எங்கே இருக்கிறது?

‘எடை குறைந்த லினக்ஸ் எது?’ என்று கேட்டால் எல்லோரும் முதலில் டவுன்லோடு அளவைத்தான் சொல்வார்கள். டைனி கோர், வரைகலைத் திரையோடு சேர்த்தே ஏறக்குறைய 25 எம்பி. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி காலர் 2003-ல் தொடங்கிய பப்பி லினக்ஸ் சில நூறு எம்பி. இரண்டும் பூட் ஆனதும் ராமுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வட்டில் ஓயாமல் எழுதாததால், திடீரென்று கரண்ட் போனாலும் சிஸ்டம் கெடுவது குறைவு. ஆனால் நாம் சேமித்து வைக்காத எதுவும் கரண்ட்டோடு சேர்ந்து போய்விடும். நான் சேமிக்க மறந்தேன். பத்து நிமிட மின்வெட்டில் கேமரா அமைப்புகள் அத்தனையும் காணாமல் போயின.

அப்போதுதான் உறைத்தது. கேமரா வேலைக்கு வைத்த கணினி முன்னால் யாரும் உட்காரப்போவதில்லை. ஐகான்களும் ஜன்னல்களும் யாருக்கு? லினக்ஸில் பெரும்பாலான எடை அந்த டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வெறும் டெபியன் லினக்ஸை நிறுவினால் ராமில் 200 எம்பிகூடச் செலவாகாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தயங்குபவர்களுக்கு ஆன்டிஎக்ஸ் நல்லது. டெபியனை அடித்தளமாகக் கொண்டது, சின்ன டெஸ்க்டாப்போடு வருவது. லேப்டாப் மிகப் பழையதென்றால் செயலி 32 பிட்டா, 64 பிட்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலர் கிடையாது.

துண்டு போட்ட கேமரா

கொல்லைப்புறத்துக்கு இரண்டாவது வெப்கேம் வாங்கிச் சொருகினேன். ‘கருவியில் இடமில்லை’ என்று பிழைச் செய்தி. பழைய பதிவுகளை எல்லாம் அழித்தேன். மறுபடியும் அதே செய்தி. ஹார்டு டிஸ்கோ பாதிக்கு மேல் காலி.

இடமில்லாதது டிஸ்கில் அல்ல, யூஎஸ்பி பாதையில். 640-க்கு 480 அளவுப் படம், ஒரு புள்ளிக்கு 2 பைட், விநாடிக்கு 30 படம் என்று சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு 18 எம்பிக்கு மேல் ஓட வேண்டும். இதற்கான இடத்தை வெப்கேம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதைப் போலத்தான். முதல் கேமரா துண்டை விரித்துப் போட்டுவிட்டது. இரண்டாவதுக்கு நிற்கவும் இடமில்லை. படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் முறைக்கு மாற்றுவது, விநாடிக்கு 10 படமாகக் குறைப்பது, இரண்டையும் ஒரே ஹப்பில் சொருகாமல் தனித்தனி யூஎஸ்பி கன்ட்ரோலருக்குப் பிரிப்பது என்று வழிகள் உண்டு. எனக்கு மூன்றாவது கைகொடுத்தது.

அதிலிருந்து, கோளாறு வந்தால் எதை முதலில் பார்ப்பது என்று ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். முதலில் மின்சாரம். அடுத்து வயர். பிறகு, கேமராவை லினக்ஸ் அடையாளம் காண்கிறதா? மோஷன் ஓடும் பயனருக்கு ‘வீடியோ’ குழுவில் அனுமதி இருக்கிறதா? இவ்வளவும் சரியென்றால்தான் மென்பொருளின் பக்கம் போவேன். படம் அந்தக் கணினியில் தெரிந்து போனில் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். மோஷன் இயல்பாகவே தன் கணினிக்கு மட்டும்தான் படம் காட்டும். ஒரு வரியை மாற்றினால் போதும். லேப்டாப் மூடியை மூடியதும் தூங்கிப்போவதும் அப்படித்தான். அதற்கும் ஓர் அமைப்பு உண்டு.

லேப்டாப்புக்குப் பதிலாக ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை வைத்திருப்பவர்களுக்கு மின்சாரமே முதல் எதிரி. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மெல்லிய, நீளமான வயரால் 4.63-க்குக் கீழே இறங்கினால் திரை மூலையில் மின்னல் குறி தெரியும். திரையே இல்லாமல் ஓடும் பெட்டியில் அந்த மின்னலை யார் பார்ப்பது?

பல்லிக்குப் பரிகாரம்

மோஷனுக்கு ஆளும் தெரியாது, பல்லியும் தெரியாது. அடுத்தடுத்த படங்களில் எத்தனை புள்ளிகள் மாறின என்று எண்ணும், அவ்வளவுதான். இயல்பான வரம்பு 1500 புள்ளிகள். படத்தில் இருப்பதோ 3,07,200. அரை சதவீதம்கூட மாற வேண்டியதில்லை. லென்ஸுக்கு ஓர் அங்குலம் முன்னால் பல்லி ஓடினால் அது யானைக்குச் சமம்.

கேமராவை டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் மாட்டியது என் தவறு. விளக்குக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்குப் பல்லி வந்தது. கேமராவை ஐந்தடி தள்ளி மாட்டினேன். வரம்பை உயர்த்தினேன். தெருவில் ஆடும் வேப்பங்கிளையை மறைக்கும் முகமூடிப் படம் ஒன்றையும் கொடுத்தேன். ஏழு நாளுக்கு மேற்பட்ட பதிவுகளைத் தானே அழிக்கவும் ஏற்பாடு செய்தேன். விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் பதிந்தால் நாளொன்றுக்கு 21 ஜிபிக்கு மேல் போய்விடும்.

வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரூட்டரில் வாசலைத் திறந்துவிடாதீர்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ், சுமார் 60 இயல்புக் கடவுச்சொற்களை மட்டும் வைத்துக்கொண்டே உலகெங்கும் கேமராக்களைப் பிடித்தது. அந்த அக்டோபர் 21-ல் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்களைத் திணறடித்தது. வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக உள்ளே வருவதே நல்லது.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கியிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி சொருகினேன். லேப்டாப் எழவே இல்லை. பேட்டரி செத்திருந்தது. கரண்ட் வந்ததும் தானாக எழும் அமைப்பு பயாஸில் இருந்தது, அதை இயக்கினேன். கடிகாரத்துக்கான நாணய பேட்டரியையும் மாற்றினேன். நேரம் தப்பான பதிவு போலீஸுக்கும் உதவாது, நமக்கும் உதவாது.

போன வாரம் நள்ளிரவில் மின்வெட்டு. காலையில் பார்த்தேன். இரண்டே படங்கள். இரண்டிலும் பால்காரர், 5.10-க்கு. வாசல் கடிகாரமும் அதையேதான் சொன்னது. பல்லி டியூப்லைட் ஓரத்தில் நிம்மதியாக இருந்தது.