பிரெஞ்சு மொழியினருக்கான ஆங்கில மருத்துவச் சொற்கள்

பிரெஞ்சு மொழியினருக்கான ஆங்கில மருத்துவச் சொற்கள் என்பது, பிரெஞ்சைத் தாய்மொழியாகவோ கல்விமொழியாகவோ கொண்டவர்கள் ஆங்கிலம் வழங்கும் மருத்துவமனைகளில் நோயாளியாகவோ, மருத்துவராகவோ, செவிலியராகவோ இயங்கத் தேவைப்படும் சொற்றொகுதியைக் குறிக்கும். இரு மொழிகளின் மருத்துவக் கலைச்சொற்களும் பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் வேர்களில் இருந்து தோன்றியவை. எனவே இது எளிதில் கற்கக்கூடியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் நோயின் அறிவியற் பெயரை விட, நோயாளி தன் உடலைப் பற்றிப் பேசும் அன்றாடச் சொற்களே பிரெஞ்சு மொழியினருக்குக் கடினமானவை. ஒன்றுபோல் ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள் அதனினும் இடர் மிக்கவை.

தமிழர்களுள் இரு பிரிவினர் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொள்கின்றனர். ஒரு பிரிவினர் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளைச் சேர்ந்த பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்தினர். மற்றையோர் பிரான்சில் குடியேறிய ஈழத்தமிழரின் பிள்ளைகள். இவர்கள் பிரெஞ்சில் கல்வி கற்கின்றனர். உறவினரோ இலண்டனிலும் டொராண்டோவிலும் வாழ்கின்றனர். இக்கட்டுரையில் பிரெஞ்சு ஒலிப்புகள் தமிழ் எழுத்தில் தோராயமாகவே தரப்பட்டுள்ளன.

புதுச்சேரியில் மொழி மாற்றம்

பிரெஞ்சு மருத்துவக் கல்வி ஆங்கில மருத்துவக் கல்விக்கு இடம் கொடுத்த நிகழ்வு தமிழ் மண்ணிலேயே நடந்தேறியது. பிரெஞ்சு அரசு 1823 இல் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவியது. 1954 நவம்பர் 1 இல் பிரெஞ்சுப் பகுதிகளின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 இல் அப்பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1964 சூலை 13 முதல் அது சவகர்லால் முதுநிலை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிற்று. மக்கள் இதனை ஜிப்மர் என்றே அழைக்கின்றனர். 2008 இல் இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. இங்கு பயிற்றுமொழி ஆங்கிலம் ஆகும்.

இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28 இல் கையொப்பமிட்டு, 1962 ஆகஸ்ட் 16 இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, அங்கு வாழ்ந்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள வழி செய்தது. அவ்வாறு தெரிவு செய்தோரின் வழிவந்தவர்கள் இன்றும் புதுச்சேரியில் உள்ளனர். இவர்களுட் சிலருக்கு மருத்துவக் கோப்புகள் பிரெஞ்சில் இருக்க, சிகிச்சை ஆங்கிலத்தில் நடைபெறும். விருத்தாசலம், பெண்ணாடம் போன்ற கடலூர் மாவட்ட ஊர்களில் இருந்தும் நோயாளிகள் நாடி வரும் ஜிப்மரின் கூடங்களில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் கலந்தே ஒலிக்கின்றன.

எளிய சொற்களின் கடினம்

1066 இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் பெருமளவில் கலந்தன. சர்ஜன், நர்ஸ், பாய்சன், ஆயின்மென்ட் ஆகியன பிரெஞ்சு வழியாக வந்தவையே. ஆனால் உடலுறுப்புகளின் பெயர்களும் உடல் உணர்வுகளின் பெயர்களும் பெரும்பாலும் பழைய செருமானிய வேர்களிலேயே நிலைத்துவிட்டன. இதனால் ஆங்கிலத்தில் ஓர் உறுப்புக்கு இரு வேறு வேர்கள் அமைந்தன: பெயர்ச்சொல் ஒன்று, மருத்துவ உரிச்சொல் மற்றொன்று.

சிறுநீரகம் ஆங்கிலத்தில் கிட்னி. அதன் உரிச்சொல் ரீனல். பிரெஞ்சில் உறுப்பு ரேன், உரிச்சொல் ரேனால். ஆகவே ரீனல் ஃபெயிலியர் என்பதைப் பிரெஞ்சு மொழியினர் எவ்வித உதவியுமின்றி உணர்ந்து கொள்வர். கிட்னி என்பதைத் தனியே கற்க வேண்டும். கல்லீரலுக்கு லிவர் - ஹெபாட்டிக், நுரையீரலுக்கு லங் - பல்மனரி என்னும் இணைகளும் இத்தகையனவே. இரண்டாவது சொல் தெரிந்தது, முதலாவது அயலானது. தமிழ் மாணவருக்கு இது நேர்மாறாக அமைகிறது. கிட்னி என்னும் சொல்லைப் பள்ளிக்குச் செல்லாத பாட்டியும் அறிவார். ரீனல் என்பதை மருத்துவக் கல்லூரி மாணவர் முயன்று மனப்பாடம் செய்கிறார்.

ஆங்கிலக் கூட்டுவினைகள் இன்னும் சிக்கலானவை. பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுதல், பாஸ் அவே என்றால் இறத்தல், பாஸ் வாட்டர் என்றால் சிறுநீர் கழித்தல். மூன்றுக்கும் அடிப்படையான பாஸ் என்னும் வினை பிரெஞ்சில் இருந்து வந்தது. எனினும் அடுத்து வரும் சிறு சொல்லே பொருளை முடிவு செய்கிறது. நோயாளியின் மனைவியிடம் முதலிரண்டையும் மாற்றிக் கூறினால் விளைவு என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்திய மருத்துவமனைகளுக்கே உரிய ஆங்கிலம் ஒன்றும் உண்டு. மலம் கழிப்பது மோஷன், வயிற்றுப்போக்கு லூஸ் மோஷன், வலிப்பு ஃபிட்ஸ், நீரிழிவு சுகர், உயர் இரத்த அழுத்தம் பிரஷர் அல்லது பி.பி. எனப்படுகின்றன. பாரிசில் ஆங்கிலப் பாடநூலைக் கரைத்துக் குடித்த ஒருவருக்கும் "சுகர் இருக்கிறதா?" என்னும் கேள்வி முதலில் தேநீரைப் பற்றியதாகவே தோன்றக்கூடும்.

போலி ஒத்த சொற்கள்

இரு மொழிகளில் ஒரே வடிவமும் வெவ்வேறு பொருளும் கொண்ட சொற்கள் பிரெஞ்சில் 'பொய் நண்பர்கள்' எனப் பொருள்படும் தொடரால் குறிக்கப்படுகின்றன. மாக்சிம் கோஸ்லர், ழூல் தெரொக்கீனி ஆகியோர் 1928 இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் இருந்து இத்தொடர் பரவியது. மருத்துவத்தில் இவை வெறும் மொழிப்பிழையுடன் நின்றுவிடுவதில்லை.

மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆன்ஜீன் ஆகும். பிரெஞ்சில் இது தொண்டை அழற்சி; குழந்தைகளுக்கு அடிக்கடி வருவது. ஆங்கிலத்தின் ஆஞ்சைனா இதயத்திற்குப் போதிய இரத்தம் கிடைக்காமையால் எழும் நெஞ்சுவலி. பிரெஞ்சில் நெஞ்சுவலியைக் குறிக்க 'மார்பின் ஆன்ஜீன்' என விரித்துரைக்க வேண்டும். பிரெஞ்சு மொழியினர் ஒருவர் தமக்குப் போன மாதம் ஆஞ்சைனா இருந்தது என்று ஆங்கிலத்தில் கூறினால், தொண்டை வலிக்காக வந்தவர் இதய நோயாளியாகப் பதிவு செய்யப்படலாம். இதய நோயாளி ஒருவரின் கோப்பில் உள்ள ஆஞ்சைனாவைத் தொண்டை வலியாகப் படிப்பது இதனினும் கேடானது.

குமட்டலைப் பிரெஞ்சில் 'இதயத்தில் வலி' எனப் பொருள்படும் தொடரால் கூறுவது வழக்கம். இதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் மருத்துவர் உடனே இதய மின்னலை வரைவுக்கு அனுப்புவார். மறுபுறம், ஆங்கிலத்தின் ஹார்ட்பர்ன் என்பதில் இதயம் இருந்தாலும் அது இரைப்பை அமிலத்தால் வருவது. பிரெஞ்சில் இது 'வயிற்று எரிவு' எனப்படும். தமிழின் நெஞ்செரிச்சல் இவ்விடயத்தில் ஆங்கிலத்தின் பக்கமே நிற்கிறது.

ஆந்த்ராக்ஸ் என்பது ஆங்கிலத்தில் கால்நடைகளிடம் இருந்து தொற்றும் அடைப்பான் நோய். பிரெஞ்சு மருத்துவத்தில் இச்சொல் பல கொப்புளங்கள் ஒன்றுசேர்ந்த ராஜபிளவையைக் குறிக்கிறது; அடைப்பான் நோயின் பிரெஞ்சுப் பெயர் 'கரி' எனப் பொருள்படும் ஷார்போன். 2001 இல் அமெரிக்காவில் அஞ்சல் வழியாக நடந்த நுண்ணுயிர்த் தாக்குதலுக்குப் பின் பிரெஞ்சு நாளிதழ்களும் ஆங்கிலப் பொருளில் ஆந்த்ராக்ஸ் என எழுதத் தொடங்கியதால் குழப்பம் மேலும் கூடியது.

அம்மை நோய்களின் பெயர்களும் கவனத்துக்கு உரியவை. பிரெஞ்சின் ருபெயோல் ஆங்கிலத்தில் ருபெல்லா ஆகும். ஆனால் ஆங்கிலத்தில் ருபியோலா என்றொரு சொல் உண்டு. அது தட்டம்மையைக் குறிக்கும். தட்டம்மையின் பிரெஞ்சுப் பெயர் ரூஜோல். கருவுற்ற பெண்ணுக்கு ருபெல்லா வந்தால் கருவில் உள்ள குழந்தைக்குக் கண், காது, இதயக் குறைபாடுகள் ஏற்படலாம் என்பதால் இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

எந்தோக்சிகாசியோன் என்னும் பிரெஞ்சுச் சொல் நச்சுணவு உண்டதையும் குறிக்கும். ஆங்கிலத்தின் இன்டாக்சிகேட்டட் குடிபோதையையோ போதைப்பொருள் மயக்கத்தையோ குறிக்கிறது. இதே வேரில் பிறந்த எசுப்பானியச் சொல்லால் 1980 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பெருந்துயர் நிகழ்ந்தது. மயங்கிய 18 வயது இளைஞரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த குடும்பத்தினர், அவர் உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் அச்சொல்லைப் பயன்படுத்தினர். மருத்துவர்கள் அதனைப் போதைப்பொருள் மிகை எனப் புரிந்து கொண்டனர். உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தது. உரிய சிகிச்சை தாமதமாகி, அவரது கைகால்கள் நான்கும் செயலிழந்தன. வழக்கின் முடிவில் ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பீடு, அவரது வாழ்நாள் முழுமைக்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 7.1 கோடி டாலர் ஆகும்.

பிற சொற்களைச் சுருக்கமாகக் காணலாம். பிரெஞ்சின் ஃபிசிசியேன் இயற்பியலாளர். ஆங்கிலத்தின் ஃபிசிஷியன் மருத்துவர். பிரெஞ்சின் பெர்ஃபூசியோன் நரம்பில் ஏற்றும் திரவம், அதாவது நாம் டிரிப்ஸ் என்பது. ஆங்கிலத்தின் பெர்ஃப்யூஷன் திசுக்களின் ஊடான இரத்த ஓட்டம். ரெயானிமாசியோன் என்னும் பெயர்ப்பலகை பிரெஞ்சு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் இருக்கும். ராஜ் என்பது வெறிநாய்க்கடி நோய். ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கள் கடுஞ்சினத்தைக் குறிக்கின்றன. ப்ரெசெர்வாதீஃப் என்பது ஆணுறை. உணவுப் பொட்டலத்தில் ப்ரிசர்வேட்டிவ் எனக் காணும் பிரெஞ்சுப் பயணிகள் திகைப்பது இதனாலேயே.

எண்களும் அலகுகளும்

சொற்கள் சரியாக இருந்தும் எண்களால் பிழை நேரலாம். பிரான்சில் இரத்த அழுத்தம் நோயாளிக்குப் பாதரசச் சென்டிமீட்டரில் கூறப்படுகிறது; '12-8' என்பது இந்தியாவின் 120/80. இரத்தச் சர்க்கரையைப் பிரெஞ்சு ஆய்வகங்கள் லிட்டருக்கு இத்தனை கிராம் எனவும் தருகின்றன. வெறும் வயிற்றில் 1,26 கிராம் என்பது இந்திய அறிக்கையில் 126 மில்லிகிராம். இங்குள்ள காற்புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும் குறியன்று, பதின்மக் குறி. 0,5 மில்லிகிராம் என எழுதப்பட்ட மருந்தளவில் அக்காற்புள்ளி மங்கிவிட்டால் அது பத்து மடங்காகப் படிக்கப்படக்கூடும். காய்ச்சலும் அவ்வாறே: பிரான்சில் 38 பாகை செல்சியசு, இந்தியாவில் இன்றும் பலர் 100.4 என பாரன்ஹீட்டில் கூறுவர்.

சுருக்கக் குறிகள் பெரும்பாலும் தலைகீழாக அமைகின்றன. பெயரடை பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்குப் பின் வருவதே இதற்குக் காரணம். எம்.ஆர்.ஐ. அங்கு ஐ.ஆர்.எம்.; டி.என்.ஏ. அங்கு ஏ.டி.என்.; எய்ட்சு அங்கு சிதா.

எபினால் விபத்து

ஆங்கில மருத்துவச் சொற்கள் பிரெஞ்சு மருத்துவமனைக்குள்ளேயே சிக்கல் தந்த நிகழ்வும் உண்டு. கிழக்குப் பிரான்சின் எபினால் நகர மருத்துவமனையில் 2004 மே முதல் 2005 ஆகஸ்ட் வரை, ஆண்சுரப்பிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற இருபதுக்கும் மேற்பட்டோருக்குப் பரிந்துரைத்ததை விட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் கதிர்வீச்சு செலுத்தப்பட்டது. அவர்களுட் சிலர் உயிரிழந்தனர். பலர் குடல், சிறுநீர்ப்பைப் பாதிப்புகளுடன் வாழ நேர்ந்தது.

கதிர்க்கற்றையை வடிவமைக்கும் நிலையான ஆப்புகளுக்கு மாற்றாக, கணினியால் இயங்கும் ஆப்பு முறைக்கு அம்மருத்துவமனை மாறியிருந்தது. புதிய முறைக்கான தெரிவை மென்பொருளில் பிழையாகச் செய்ததால் கணக்கிடப்பட்ட கதிரளவு மிகுந்தது. மென்பொருளின் வழிகாட்டி நூல் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததையும், அதனை இயக்கியோருக்குப் போதிய பயிற்சி இல்லாமையையும் விசாரணை சுட்டிக்காட்டியது. பொருட்களின் பயன்பாட்டுக் குறிப்புகள் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என 1994 ஆகஸ்ட் 4 ஆம் நாளிட்ட டூபோன் சட்டம் விதித்துப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. மொழியை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. கதிரளவை மறுமுறை சரிபார்க்கும் ஏற்பாடு இருந்திருந்தால் பிழை தொடக்கத்திலேயே வெளிப்பட்டிருக்கும். 2013 சனவரியில் பாரிஸ் நீதிமன்றம் இரு மருத்துவர்களையும் ஓர் இயற்பியலாளரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது.

மருந்துப் பெயர்கள்

மருந்துகளைப் பொறுத்தவரை நிலைமை ஓரளவு எளிது. உலக சுகாதார அமைப்பு 1953 இல் வெளியிடத் தொடங்கிய பன்னாட்டு உரிமையிலாப் பெயர்கள், சிறு எழுத்து வேறுபாட்டுடன் இரு மொழிகளிலும் வழங்குகின்றன. பிரான்சில் 2015 சனவரி 1 முதல் மருந்துச்சீட்டில் இப்பெயரை எழுதுவது கட்டாயம் ஆகும். வணிகப் பெயர்களோ நாட்டுக்கு நாடு மாறுபவை: பிரான்சில் டோலிப்ரான் என விற்கப்படுவதே இந்தியாவின் குரோசின், டோலோ, மூன்றிலும் உள்ளது பாராசிட்டமால். அமெரிக்காவில் இது அசெட்டமினோஃபென் எனவும், ஆஸ்துமா மருந்தான சால்பூட்டமால் ஆல்பியூட்டரால் எனவும் வழங்குகின்றன. பழைய பிரெஞ்சு மருந்துச்சீட்டுடன் வரும் நோயாளி, பெட்டியில் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள பெயரைக் காட்டினால் புதுச்சேரி மருந்துக்கடைக்காரர் பெரும்பாலும் அதனை அடையாளம் கண்டுகொள்வார்.