ஃபோம் கேனன் (நுரைபீச்சி)

ஃபோம் கேனன் அல்லது நுரைபீச்சி என்பது பிரஷர் வாஷர் எனப்படும் உயர் அழுத்த நீர்க்கருவியின் துப்பாக்கி முனையில் பொருத்தப்பட்டு, ஷாம்பூ கரைசலை அடர்ந்த நுரையாக மாற்றி வாகனத்தின் மீது பீய்ச்சும் துணைக்கருவி ஆகும். காரைக் கையால் தொட்டுக் கழுவுவதற்கு முன், மேலே படிந்துள்ள தூசியையும் மணலையும் இளக்கி வழியச் செய்வதே இதன் முதன்மைப் பயன். தோட்டக் குழாயில் பொருத்தும் ஃபோம் கன் இதைப் போன்றதே எனினும், அழுத்தம் குறைவு என்பதால் அதில் வரும் நுரை நீர்த்தே இருக்கும்.

தேவை

இன்றைய கார்களில் நிறப்பூச்சின் மேல் கிளியர் கோட் என்னும் ஒளிபுகும் மேற்பூச்சு உள்ளது. இதன் தடிமன் பொதுவாக ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோமீட்டர் மட்டுமே. சாலைத் தூசியில் கலந்திருக்கும் மணலின் முக்கியக் கூறான குவார்ட்சு, மோ கடினத்தன்மை அளவில் 7 ஆக இருப்பதால் கண்ணாடியையே கீறக்கூடியது. இத்தூசி அகலும் முன் துணியால் தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும் சுழல் கீறல்கள் இவையே. பாலிஷ் செய்து இவற்றை நீக்கும்போது மேற்பூச்சும் சிறிது தேய்வதால், திரும்பத் திரும்ப அவ்வாறு செய்ய இயலாது.

அமைப்பும் செயற்பாடும்

இக்கருவியில் சுமார் 1 லிட்டர் கொள்ளளவுள்ள புட்டி, கரைசலை உறிஞ்சும் குழாய், உலோக உடல், அதனுள் நுண்துளை, கம்பி வலை, விசிறி வடிவ முனை ஆகியவை உள்ளன. நுண்துளை வழியாக நீர் மிகுந்த வேகத்தில் பாயும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. வெந்தூரி விளைவு எனப்படும் இதனால் புட்டியிலுள்ள கரைசலும், வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படுகின்றன. இக்கலவை கம்பி வலையைக் கடக்கும்போது சிறு குமிழிகளாக உடைந்து நுரையாகிறது.

மேலுள்ள குமிழைத் திருகினால் கரைசலின் அளவும், முன்முனையைத் திருகினால் பீய்ச்சலின் அகலமும் மாறும். பல கருவிகளில் நுண்துளையின் விட்டம் 1.25 மி.மீ. ஆக இருக்கும். நீரோட்டம் குறைந்த வீட்டுப் பிரஷர் வாஷர்களில் 1.1 மி.மீ. துளையைப் பொருத்தினால் நீரின் வேகம் கூடி நுரை அடர்த்தியாகும்.

கலவை விகிதம்

புட்டியில் கலக்கும் விகிதமும் கார் மீது விழும் நுரையின் விகிதமும் ஒன்றல்ல. புட்டிக் கரைசல் வெளிவரும்போது மேலும் நீருடன் கலந்து நீர்த்துப்போகிறது. உண்மை விகிதத்தைத் தோராயமாக அறிய எளிய வழி உண்டு. புட்டியில் 1 லிட்டர் வெறும் நீரை நிரப்பி, அது காலியாகும் வரை ஒரு பெரிய வாளிக்குள் பீய்ச்ச வேண்டும். வாளியில் மொத்தம் 10 லிட்டர் சேர்ந்தால், புட்டிக் கரைசல் 10 மடங்கு நீர்க்கிறது என்று பொருள். அக்கருவியில் 100 மி.லி. ஷாம்பூவும் 900 மி.லி. நீரும் கலந்தால் காரில் விழுவது 1 விழுக்காட்டுக் கரைசலே. ஷாம்பூ தயாரிப்பாளர் 2 விழுக்காடு பரிந்துரைத்திருந்தால் 200 மி.லி. ஷாம்பூ தேவைப்படும்.

பயன்படுத்தும் முறை

1. காரை நிழலில் நிறுத்தி, பானட் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். சூடான தகட்டில் நுரை விரைவில் உலர்ந்து கறை படியும்.
2. சக்கரங்களை முதலில் தனித் தூரிகையால் கழுவ வேண்டும்.
3. சேறு அதிகமாக இருந்தால் நீரால் அடித்து நீக்க வேண்டும். வெறும் தூசி எனில் உலர்ந்த கார் மீதே நுரையை அடிக்கலாம். ஈரம் இருந்தால் நுரை மேலும் நீர்த்துவிடும்.
4. கீழ்ப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கி நுரையைப் பரப்பலாம். அழுக்கு மிகுந்த கீழ்ப்பகுதிக்கு இதனால் கூடுதல் நேரம் கிடைக்கும்.
5. சுமார் 3 முதல் 5 நிமிடங்கள் ஊற விட்டு, உலரும் முன் அலச வேண்டும்.
6. பின்னர் மைக்ரோஃபைபர் கையுறையால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல் கழுவ வேண்டும். ஷாம்பூ நீருக்கு ஒரு வாளி, கையுறையை அலச மற்றொரு வாளி என இரண்டு வைத்துக்கொள்வது நல்லது.
7. மீண்டும் அலசி, மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி உலர்த்த வேண்டும்.

நுரையின் அடர்த்தியும் பயனும்

நுரையின் பெரும்பகுதி காற்றே. அழுக்கை நனைப்பது குமிழிச் சுவர்களில் உள்ள கரைசல். மிகவும் கெட்டியான நுரை காரில் அசையாமல் ஒட்டிக்கொண்டு பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், அழுக்கைக் கீழே கொண்டுசெல்லாது. மெல்ல வழிந்து இறங்கும் ஈரமான நுரையே பயன் மிக்கது. எவ்வளவு நல்ல நுரையானாலும், மேற்பூச்சில் ஒட்டியிருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை முழுதாக நீக்காது. ஆகவே இது கையால் கழுவுவதற்கு மாற்று அன்று. அதற்கு முந்தைய பாதுகாப்புப் படி மட்டுமே.

கவனிக்க வேண்டியவை

* நடுநிலை கார அமிலத் தன்மையுள்ள கார் ஷாம்பூ ஏற்றது. பாத்திரம் துலக்கும் திரவம் மெழுகுப் பூச்சை வலுவிழக்கச் செய்யும்.
* கடின நீரில் நுரை குறையலாம். அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் உலர்ந்ததும் வெண்புள்ளிகளாகப் படியும். தமிழ்நாட்டில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீராக இருப்பதால், உடனே துடைத்து உலர்த்துவது அவசியம்.
* வேலை முடிந்ததும் புட்டியில் வெறும் நீரை நிரப்பிச் சிறிது நேரம் பீய்ச்ச வேண்டும். இல்லையெனில் உள்ளே காய்ந்த ஷாம்பூ கம்பி வலையை அடைத்து, அடுத்த முறை நுரை நீர்த்து வரும்.