குழல்கள் ஊமையாகுமுன்

வாய்பேசாத் திரைப்படங்கள் ஓடிய நாள்களில் மக்களை அழவும் சிரிக்கவும் வைத்தது வெள்ளித்திரை மட்டுமன்று. அரங்கில் முழங்கிய குழல் ஆர்கனும் ஆகும். ஆலயத்தில் வளர்ந்த அக்கருவி திரையரங்கிற்குக் குடிபெயர்ந்த வரலாறு சுவையானது. அது மறைந்துபோகாமற் காக்க இன்று மேற்கொள்ளப்படும் முயற்சியோ நம் சிந்தனைக்குரியது.

இங்கிலாந்தில் 1859-இல் பிறந்த ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் தொலைபேசித் துறையில் மின் பொறியாளர். ஆலயப் பாடகர் குழுவை நடத்தியவருங்கூட. விசைப்பலகைக்கும் குழல்களுக்குமிடையே மின்சாரத்தைத் தூது விட்ட முன்னோடிகளுள் அவர் ஒருவர். அமெரிக்கா சென்ற அவர், 1910-இல் நியூயார்க் மாநிலத்து வுர்லிட்சர் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனம் 2,000-க்கு மேற்பட்ட ஆர்கன்களைச் செய்தளித்தது. ஒரே குழல் வரிசையைப் பல விசைப்பலகைகளிலிருந்தும் ஒலிக்கச் செய்தது அவற்றின் சிறப்பு. முரசும் மணியும், பறவையின் சீழ்க்கையும் குதிரையின் குளம்பொலியுங்கூட அவற்றினுள் அடங்கியிருந்தன. ஒரே மனிதர் ஒரு முழு இசைக்குழுவாய் அமர்ந்திருந்தார்.

1927-இல் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்தது. திரைப்படம் தானே பேசத் தொடங்கியது. ஆர்கனின் தேவை குன்றியது. சான் பிரான்சிஸ்கோவில் 1929-இல் திறக்கப்பட்ட ஃபாக்ஸ் அரங்கு 1963-இல் இடிக்கப்பட்டது. 36 குழல் வரிசைகள் கொண்ட அதன் வுர்லிட்சர் தப்பிப் பிழைத்து, பிற்காலத்தில் ஹாலிவுட்டின் எல் கேப்பிட்டன் அரங்கில் மீண்டும் குரலெடுத்தது. எல்லாக் கருவிகளுக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. பல, உதிரிகளாகப் பிரித்து விற்கப்பட்டன. எஞ்சியவற்றிலும் காற்றைத் திறந்து மூடும் தோல் உறுப்புகள் காலத்தால் இற்றுப்போகின்றன.

இந்நிலையில் துணைக்கு வந்திருப்பதே எண்முறை மாதிரிப் பதிவு. இதில் ஒவ்வொரு குழலின் ஒலியும் தனித்தனியே பதியப்படுகிறது. வரிசைக்கு 61 குழல்கள் என்று கொண்டாலும், 20 வரிசைகளுக்கு 1,220 குழல்கள்! ஒலி எழும் தொடக்கம், நிலைத்து நிற்கும் நடு, விசையை விட்டபின் தேய்ந்து மறையும் எதிரொலி ஆகிய மூன்றும் வேண்டும். காற்றூதும் இயந்திரத்தின் இரைச்சலைப் பின்னர் நீக்க வேண்டும்.

திரையரங்க ஆர்கனின் உயிர்நாடி அதன் நடுங்கும் குரல். காற்றோட்டத்தை அசைத்து எழுப்பும் அந்நடுக்கம் சுருதி, உரப்பு, தொனி மூன்றையும் ஒருங்கே மாற்றுவதால், கணினியால் அதனைச் செயற்கையாக ஆக்குதல் அரிது. ஆகவே நடுக்கத்தோடு ஒருமுறையும் நடுக்கமின்றி ஒருமுறையும் பதிவு செய்கின்றனர். ஹாப்ட்வெர்க் போன்ற கணினி நிரல்கள் இப்பதிவுகளை விசைப்பலகையோடு இணைக்கின்றன.

இதுவும் ஓர் இசைத்தட்டுத்தானே என்று சிலர் கேட்கலாம். அன்று. இசைத்தட்டு, பாடி முடிந்த பாட்டைத் திருப்பிச் சொல்கிறது. மாதிரிப் பதிவோ, இனிப் பாடப்படவிருக்கும் பாட்டிற்குப் பழைய குரலைத் தருகிறது. வாசிப்பார் இல்லையேல் அது வாய் திறவாது.

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. திரு இசை பற்றி 1958-இல் உரோமை விடுத்த அறிவுரை, தானாக இயங்கும் கருவிகளையும் இசைத்தட்டையும் திருவழிபாட்டில் விலக்கியது. சிறியதொரு குழல் ஆர்கனுக்கும் வழியில்லாத இடங்களில் மின்னணு ஆர்கனைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல், இலத்தீன் திருச்சபையில் குழல் ஆர்கன் பெரிதும் போற்றப்பட வேண்டுமெனக் கற்பித்தது. வழிபாட்டில் எழும் இசை உயிருள்ள மனிதரின் காணிக்கையாதல் வேண்டும் என்பதே இவற்றின் உட்கிடை.

எனினும் இம்முயற்சியில் ஓர் ஆபத்தும் உண்டு. நகல் இருக்கிறதே என்று மூலத்தை அழியவிடுவது, தாயின் நிழற்படம் சுவரில் தொங்குகிறதே என்று தாயைப் பேணாது விடுவதற்கு ஒப்பாகும். குழலின் வழியே மெய்யாகவே காற்று பாய்ந்து, கட்டடமே அதிர எழும் நாதத்தை ஒலிபெருக்கி முழுவதும் தந்துவிடாது. காக்க வழியுள்ள கருவிக்குப் பதிவு ஒரு காப்பு. வழியற்றதற்கோ அது ஒரு சாசனம். எதற்கும் அது சாக்காகிவிடலாகாது.

ஆதலின், மூத்தோர் விட்டுச்சென்ற கருவிகளைப் பழுதுபார்ப்போம். குரல் மங்குமுன் பதிந்து வைப்போம். அனைத்திற்கும் மேலாக, வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு ஊக்கமளிப்போம். ஆயிரம் குழல்களின் குரலைச் சேமித்து வைக்கலாம். ஆண்டவரைப் புகழ எழும் உள்ளத்தைச் சேமித்து வைக்க இயலாது. அதைத் தலைமுறைதோறும் புதிதாக வளர்த்தெடுத்தல் வேண்டும்.