இப்போதுதான் சேமித்த படம், திறந்தால் ஏன் காலியாக இருக்கிறது?

பைத்தான் நிரலில் ஒரு வரைபடம் உருவாக்கி, தற்காலிகக் கோப்பில் சேமிக்கிறீர்கள். பிழைச் செய்தி எதுவும் இல்லை. அடுத்த வரியிலேயே அதைப் படித்தால் ஒரு பைட்கூட வருவதில்லை. படம் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. டேப் ரெக்கார்டரில் பாட்டைப் பதிவுசெய்த கையோடு பிளே பொத்தானை அழுத்தினால் என்ன கேட்கும்? ஒன்றும் கேட்காது. நாடா, பதிவு முடிந்த இடத்தில் நிற்கிறது. பின்னால் சுற்ற வேண்டும்.

திறந்திருக்கும் கோப்பிலும் இப்படி ஓர் இடங்காட்டி உண்டு. எழுத எழுத அது முன்னே நகரும். படிப்பதும் அது நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கும். அதற்கப்பால் எதுவும் இல்லை.

சீக்(0) என்று ஒரு கட்டளை கொடுங்கள். இடங்காட்டி தொடக்கத்துக்குத் திரும்பும், முழுப் படமும் கிடைக்கும். கோப்பை மூடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்: தற்காலிகக் கோப்பு வழக்கமாக மூடியதுமே அழிந்துவிடும்.