தன்னுரிமை நல்கும் தொண்டர்கள்

பொருநைச் சீமையில் நாம் போற்றத்தக்க அறப்பணிகளுள் ஒன்று, இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கும் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழ்ச் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் இதனை நிறுவினார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாகப் பெயரிட்டார். தசைச்சிதைவு நோயுற்ற பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருக்குத் துணையானார்.

இத்துறையில் இயன்முறை மருத்துவர் தசைகளுக்கு வலுவூட்டுவர். செயல்முறை மருத்துவர் உண்ணவும் உடுத்தவும் பழக்குவர். செயற்கை உறுப்பு வல்லுநர் உடலளவுக்கேற்பக் கருவி அமைப்பர். தொழிற்பயிற்சியாளர் வருவாய்க்கு வழிகாட்டுவர். பிறர் கையை எதிர்பாராமல் வாழச் செய்வதே இவர்தம் நோக்கம்.

ஆயினும், சக்கர நாற்காலியில் வருபவரை நம் வாயிற்படிகள் தடுப்பின், அவர்தம் உழைப்பு வீணாகுமன்றோ? கல்விக்கூடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் சாய்தளம் அமைப்பது நம் கடமையாகும்.